பவுசரில் கட்டிய கொடி

என் கணவருக்குச் சீருடை என்றால் பயம். எந்தச் சீருடை என்றில்லை. தபால்காரர் காக்கிச் சட்டையோடு படலையில் வந்து மணி அடித்தாலும் முதலில் என்னைத்தான் அனுப்பிவைப்பார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்தப் பயத்தை வைத்து நான் அவரைப் பகிடி பண்ணிக்கொண்டே இருந்தேன். பயந்தாங்கொள்ளி என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

காரணம் தெரியாமல் சொன்னதில்லை. அவருடைய அண்ணர் ஒருநாள் சுற்றிவளைப்பு நேரத்தில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனவர். சைக்கிளை யாரோ கொண்டுவந்து வீட்டு மதிலில் சாத்திவிட்டுப் போனார்கள். ஆள் வரவில்லை. கொண்டுபோனது யார் என்பதுகூட இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்போது இவருக்குப் பதினாறு வயது. காவலரண் எதையாவது கண்டால், யாரும் மறிக்காத இந்தக் காலத்திலும், ஐம்பது யார் தூரம் தள்ளியே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

அவர் குடிதண்ணீர் பவுசர் ஓட்டுகிறார். எங்கள் பக்கம் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வாயில் வைக்கத்தான் முடியாது. உழவு இயந்திரத்தின் பின்னால் தாங்கியைக் கொழுவிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் ஊற்றிவிட்டு வருவதுதான் வேலை.

ஒரு வருடம் சுதந்திர தினத்துக்கு முதல் கிழமை, வேலை வாகனங்கள் எல்லாவற்றிலும் தேசியக் கொடி கட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தலைகீழாகக் கட்டக் கூடாது, நிலத்தில் முட்டக் கூடாது, கிழியக் கூடாது, ஊத்தையாகக் கூடாது என்று சொல்லியும் விட்டார்கள். தண்ணீர் பவுசருக்கு இதைச் சொல்வது யார் என்று எனக்குச் சிரிப்பு. அது போகும் இடமெல்லாம் சேறு, சேறில்லாத இடத்தில் புழுதி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கிழமை ஊருக்குள் சுதந்திர தினத்தை எதிர்த்துக் கறுப்புத் துணி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கொடியைக் கட்டினால் இந்தப் பக்கத்துப் பார்வை, கட்டாவிட்டால் அந்தப் பக்கத்துப் பார்வை. முதல்நாள் பவுசரைக் கண்ட ஒருவர், “என்ன அண்ணை, மந்திரியோ வாறியள்?” என்று கேட்டிருக்கிறார். அதற்கே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கே கட்டுவது என்பதில்தான் வினை தொடங்கியது. மற்றச் சாரதிகள் முன் விளக்குக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். அங்கே சேறடிக்கும் என்று இவர் ஒரு தடியை உயரமாக நட்டு, உழவு இயந்திரத்தின் முன்மூடிக்கு மேலே, புகைக்குழாய் நிமிர்ந்து நிற்குமே, அதற்கு அருகில் கட்டினார். வாடைக்காற்று எந்நேரமும் ஒரே பக்கத்திலிருந்துதான் அடிக்கும், கொடி குழாய்க்கு மறுபக்கம்தான் பறக்கும் என்பது அவருடைய கணிப்பு. ஒழுங்கை திரும்பினால் பவுசரும் திரும்பும் என்பதை மறந்துவிட்டார். மரியாதை கூடிப்போனதால் வந்த வினை அது.

மூன்றாம் நாள் மத்தியானம் சட்டைக்குள் எதையோ பொத்திப் பிடித்தபடி குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“என்னப்பா, நெஞ்சுக்குள்ள நோகுதோ?” என்று கேட்டேன்.

கொடியை எடுத்து மேசையில் விரித்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது காற்று அதைச் சுடுகுழாயில் ஒட்டவைத்துவிட்டது. சிங்கத்தின் வால் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது.

“எரிச்சுப்போட்டன்,” என்றார். “நான் கொடியை எரிச்சுப்போட்டன்.”

“நீங்கள் எங்கை எரிச்சனீங்கள்? குழாய் எல்லே எரிச்சது.”

“குழாயையோ பிடிச்சு விசாரிப்பாங்கள்?”

அந்த நேரத்தில்தான் நானும் குசினி யன்னலைச் சாத்தினேன். எரிந்த கொடியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. குப்பையில் போட முடியாது. அலுமாரிக்குள் வைத்தால், யாராவது வந்து திறந்தால் என்ன சொல்வது? யாரும் வரமாட்டார்கள் என்று அறிவு சொல்கிறது. அண்ணருடைய வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கையில் இருப்பது வெறும் துணி, ஆனால் எங்கள் வீட்டில் அதை வைக்க ஓர் இடம் இல்லை.

“நீர் எங்கையாவது பார்த்து வையும். எனக்குச் சொல்ல வேண்டாம்,” என்றுவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

நான் நயினாதீவில் பிறந்தவள். என் தகப்பன் வீடு கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்த வீடு. அங்கே சுவாமிக்குச் சாத்திப் பழசான பட்டுத் துணியையோ, வாடிய மாலையையோ, உடைந்த சுவாமிப் படத்தையோ காலில் மிதிபடும் இடத்தில் போடமாட்டோம். கழுவித் துடைத்துக் கும்பிட்டு, ஓடும் கடலில் விடுவோம். மரியாதையான சாமானுக்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கொடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஓட்டை தெரியாமல் உள்ளே வைத்து மடித்தேன். வாழைநாரால் கட்டி, முற்றத்து நந்தியாவட்டையில் நாலு பூவும் சொருகினேன். கல் ஒன்றைக் கட்டியிருக்கலாம். கல்லைக் கட்டினால் அது தாழ்ப்பது, விடுவதல்ல என்று மனம் ஒப்பவில்லை.

அடுத்தநாள் விடிய, நாங்கள் இருக்கும் சுருவில் ஊரின் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று அதை விட்டேன். கும்பிட்டேனா என்று கேட்டால், ஓம், கும்பிட்டேன். அவரைக் காப்பாற்று என்றுதான் கும்பிட்டேன்.

நயினாதீவில் படகு கட்டும் இறங்குதுறைப் பாலத்தடியில் நீரோட்டம் இழுக்கும். விட்ட பொருளைப் பிறகு காண முடியாது. சுருவிலில் அரை மைல் தூரத்துக்கு முழங்கால் தண்ணீர். அங்கே கடல் எதையும் கொண்டுபோகாது. அந்த ஊரில் இவ்வளவு காலம் குடியிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

அன்று பத்து மணி போல் பக்கத்து வீட்டுப் பெண் சைக்கிளில் வந்து படலையிலேயே நின்று கத்தினாள்.

“அக்கா, கெதியா வாங்கோ! உங்கட ஆளின்ரை பவுசர் நேவி காவலரணுக்கு முன்னால நிக்குது. அதிலை ஆளில்லை.”

அவளுடைய சைக்கிளையே வாங்கிக்கொண்டு போனேன். வழியில் யார் கதைத்தார்கள், என்ன கேட்டார்கள், ஒன்றும் தெரியாது. சைக்கிளை மதிலில் சாத்தக் கூடாது, சாத்தக் கூடாது என்று மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போனதும் நிலத்தில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அவர் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் சோடியாக வைத்திருந்தார். மேசையில் அவருடைய அடையாள அட்டை, உழவு இயந்திரத்தைக் கிளப்பும் திறப்பு, கைக்கடிகாரம். ஒன்றையும் யாரும் கேட்கவில்லை என்று பிறகு அறிந்தேன். கரையில் ஒதுங்கிய கொடியை எடுத்துவந்த ஒரு சிப்பாய், பவுசர் கொடியில்லாமல் போவதைக் கண்டு, “கொடி எங்கே?” என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். இவர் தானாக இறங்கிப் போய், எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு வாங்கில் இருந்துவிட்டார்.

ஒரு கதிரையின் முதுகில் கொடி காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. பூக்களை யாரோ எடுத்து மேசையில் தனியாக வைத்திருந்தார்கள்.

“சேர், நான்தான்,” என்றேன். “நான்தான் கடலிலை விட்டனான். இவருக்கு ஒண்டும் தெரியாது.”

தமிழ் கொஞ்சம் தெரிந்த பெரியவர் ஒருவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவரும் நான்தான் எண்டு சொல்றது,” என்றார். “நான் எரிச்சது, நான் கடல்ல போட்டது. காலையில இருந்து அதுதான் சொல்றது.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரருக்கு முன்னால் போகப் பயந்த மனுசன். கொடியைக் கண்டவுடனே இது என் வேலை என்று அவருக்கு விளங்கியிருக்கும். நான் போடும் வாழைநார் முடிச்சு அவருக்குத் தெரியாததல்ல. எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் முடியவில்லை.

பூ எதற்கு என்று பெரியவர் கேட்டார். அழுதழுது சொன்னேன், கோயில் சாமானுக்கு நாங்கள் செய்வது இது என்று. எவ்வளவு விளங்கியதோ தெரியாது. மற்றவர்களிடம் தன் பாஷையில் ஏதோ சொன்னார். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் சிரிக்கவில்லை. நான் சிரிக்காதவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கடல்ல போடுறது இல்ல அம்மா,” என்றார் பெரியவர். “பழுதாப் போன கொடி எரிக்கிறது. மரியாதையா, தனியா. பிரச்சினை இல்ல. ரெண்டு பேரும் இப்ப எரிச்சிட்டுப் போங்க.”

காவலரணின் பின்பக்கம் கூட்டிப்போய்க் கொடியை என் கணவர் கையில் கொடுத்தார். நெருப்புப்பெட்டியையும் கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவரால் முடியவில்லை. ஒரு கையில் கொடியும் மறு கையில் நெருப்புப்பெட்டியுமாக, சீருடைகளுக்கு நடுவில் நின்றார். பெட்டிக்குள் குச்சிகள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன.

“சேர், என்னைக் கொண்டு எரிப்பிக்காதேங்கோ,” என்றார். “கும்பிட்டுக் கேக்கிறன். வேறை என்ன சொன்னாலும் செய்யிறன்.”

பெரியவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன், “சரி, குடுங்க” என்ற குரல் மாறியிருந்தது. இரண்டையும் வாங்கித் தானே கொளுத்தினார். எங்களைப் போகச் சொன்னார். அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

அடுத்த வருடமும் கொடி கொடுத்தார்கள். முன் விளக்கடியில் கட்டினார், சேறடித்தது, பின்னேரம் பின்னேரம் நான் கழுவிக் கொடுத்தேன். எங்களைத் தேடி ஒருவரும் வரவில்லை. ஆனாலும் சோற்றில் கை வைத்தபடி, சிலவேளை பவுசரைக் கழுவியபடி, இப்போதும் அவர் திடீரென்று கேட்பார்.

“அண்டைக்கு அவங்கள் ஆரும் படம் எடுத்தவங்களோ? என்ரை கையிலை கொடியும் நெருப்புப்பெட்டியும் இருக்கேக்கை?”

“இல்லையப்பா. நான் பார்த்துக்கொண்டெல்லே நிண்டனான்,” என்பேன்.

நான் பார்க்கவில்லை. நெருப்புப்பெட்டி அவர் கைக்கு வந்ததுமே கண்ணை இறுக்கி மூடியவள், துணி எரிந்து முடிந்த மணம் வந்த பிறகுதான் திறந்தேன்.