கந்தையா அண்ணையின் படலை

கிளினிக் சுவரில் தொங்கிய கலண்டரில் நான் கீறிய படத்தைக் கண்டபோது, மிஸ் என் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, நல்லாக் கூடிப்போச்சு. கருவாடு சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார். கருவாடில்லைப் பிள்ளை, அந்தச் சுவரைத் திரும்பிப் பார் என்று சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன். சாப்பிடாத கருவாட்டுக்கும் ஓம். என் வாய் அப்படி. வீட்டுக்குள் நூறு கதை கதைக்கும். ஒரு மேசைக்கு முன்னால் இருத்திவிட்டால் ஓமைத் தவிர எல்லாச் சொல்லும் ஓடிவிடும்.

படத்தில் இருந்தது ஒரு படலை. வேலியில் வைக்கிற வாசற் படலைதான். நாலு தடி, குறுக்கே கம்பி, ஒரு பக்கம் சரிந்து நிலத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதன் கீழே வளைத்து வளைத்து எழுதியிருந்தார்கள்: "கண்ணீரோடு காத்திருக்கும் வாசல்." அதற்கும் கீழே, போரினால் பாதிக்கப்பட்ட பெண் ஒருவரின் கைவண்ணம் என்று சின்ன எழுத்து. பெயர் போடாததை விடுங்கள், போட்டிருந்தால் வெட்கத்தில் அடுத்த கிளினிக்குக்கே போயிருக்கமாட்டேன். ஆனால் கண்ணீர் எங்கிருந்து வந்தது? அதைக் கீறும்போது சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தைக் கீறினேன்.

அது கந்தையா அண்ணையின் படலை. எங்கள் ஒழுங்கையில் ஏழாம் வீடு. மனிதர் அந்தப் படலையைத் தடியோடு பொருத்தப் பிணைச்சல் வாங்கவில்லை. மனைவியின் ரப்பர்ச் செருப்பை வெட்டி ஆணி அடித்துவிட்டார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எல்லோரும் வெளிக்கிட்டு நிற்கிறோம், அவர் மனைவி ஒற்றைச் செருப்போடு வளவெல்லாம் தேடுகிறா.

"இஞ்சேருங்கோ, என்ர மற்றச் செருப்பு எங்கை?"

"அது படலையில நிக்குது. நாங்கள் வருமட்டும் வீட்டைப் பாக்கும், நீ நட."

அந்தப் படலையைத் திறக்க முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கவேண்டும். ஆடுகளுக்கு மட்டும் அது தலையால் தள்ளினாலே திறக்கும். அதைத்தான் கண்ணீர் என்கிறார்கள்.

கலண்டரில் என் கோடெல்லாம் மை பூசினதுபோலப் பளபளத்தது. நான் கீறும் கறுப்பு அப்படி இராது. சின்ன வயதில் எனக்குக் கிடைத்த கறுப்பு செத்த பற்றறியின் கறுப்பு. பள்ளிக்கூடத்துக் கரும்பலகை வெளிறினால், ரோர்ச் பற்றறியை உடைத்து, உள்ளே இருக்கும் கரியை இலைச் சாறு விட்டு அரைத்துப் பூசுவோம். அது பெண்பிள்ளைகளின் வேலை. பற்றறியின் நடுவில் ஒரு கரிக்குச்சி இருக்கும். அதை யாருக்கும் தெரியாமல் எடுத்துவைப்பேன். ஒருநாள் எங்கள் குசினி நிலத்தில் கீறிவிட்டேன். அம்மா கண்டுவிட்டா.

"ஆரடி இதில பேய் கீறினது?"

"பேயில்லையம்மா, குளத்தில நீந்துற தாரா."

"தாராவுக்குக் கழுத்து எங்கையடி?"

கழுத்துக்கு இடம் காணாமல் அடுப்பு வந்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை. அன்றைக்கும் ஓம்தான்.

ஐந்தாம் வகுப்போடு என்னைப் புல்லுப் பிடுங்க வயலுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் நின்றது, குச்சி நிற்கவில்லை. கலியாணம் முடித்த பிறகும் கீறினேன். என்னுடையவர் நெடுங்கேணிப் பக்கம் கட்டட வேலைக்குப் போனால், சீமெந்துப் பையின் உட்கடதாசியை உதறி மடித்துக் கொண்டுவருவார். "இந்தா, உன்ர விசருக்கு" என்று மடியில் போடுவார். அவர் எப்படி இல்லாமற் போனார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கேட்கத்தான் எல்லோரும் கொப்பியும் பேனையுமாய் வந்தார்கள். தாராவின் கழுத்தைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

ஏன் கீறுகிறீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். வெற்றிலை போடுகிறவரை ஏன் போடுகிறாய் என்று யாராவது கேட்கிறார்களா? மத்தியானம் சட்டி பானை கழுவிக் கவிழ்த்துவிட்டு அரை மணித்தியாலம் கீறினால் எனக்கு நன்றாக இருக்கும். அவ்வளவுதான். அது விற்பதற்கும் இல்லை, மனப்புண்ணை ஆற்றுவதற்கும் இல்லை.

படலைக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கையில் இருபத்துமூன்று வீடு. ஒரே அளவு வளவு, ஒரே கிடுகுவேலி. படலை மட்டும் ஆளுக்காள் வேறு. பக்கத்து வீட்டுச் செல்லமக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு, வாய் ஐம்பது வயது மூப்பு. நான் ஒரு படலையைக் கீறிக் காட்டி "ஆற்ர?" என்று கேட்பேன். அவா கண்டுபிடிக்கவேண்டும். அதுதான் எங்கள் விளையாட்டு.

"உது தபாற்காரன்ர. பார், ஒருத்தரையும் மதியாமல் விறைச்சுக்கொண்டு நிக்குது."

"இது?"

"உது மூண்டாம் வீடு. பாதி கட்டினபடி விட்டிருக்கு. அவன் கலியாணப் பேச்சையும் அப்பிடித்தான் விட்டவன்."

அவாவின் படலையைக் கீறியபோது கொளுக்கி வைக்காமல் விட்டேன்.

"ஏனடி என்ர படலைக்குக் கொளுக்கி இல்லை?"

"உங்கட வாய்க்கு இருக்கோ, அக்கா?"

மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் முருங்கையிலையோடு வந்து, "அடுத்ததைக் காட்டு" என்றா.

பிறகு நாங்கள் எல்லோரும் ஒழுங்கையை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது ஒழுங்கை இருந்த இடத்தில் பற்றைக்காடு. வேலியும் இல்லை, படலையும் இல்லை, எல்லாம் எரிந்துபோயிருந்தன. வீட்டுத்திட்டம் வந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே நீல இரும்புக் கேற். முதற் கிழமை நான் இரண்டு தரம் அடுத்தவர் வீட்டுக்குள் போய்விட்டேன். அந்தக் கோபத்தில்தான் ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி வாங்கினேன். மத்தியானங்களில் செல்லமக்கா நினைத்துச் சொல்ல, நான் கீற, பக்கத்துக்கு ஒன்றாக இருபத்துமூன்று படலையும் ஒரு வருடத்தில் ஏறிவிட்டன. இடப்பக்கம் திறக்குமா வலப்பக்கம் திறக்குமா என்று நாங்கள் பட்ட சண்டையில், பக்கத்து வீட்டுக்காரர் விலக்குப்பிடிக்க வந்திருக்கிறார்கள். முடித்த அன்றைக்குச் செல்லமக்கா கொப்பியை முதல் தாளிலிருந்து புரட்டி, ஒவ்வொரு படலையிலும் நின்று ஆளைக் கூப்பிட்டா. இருந்தவரையும் கூப்பிட்டா, இல்லாதவரையும் கூப்பிட்டா. பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம்.

அந்தக் கொப்பியை நானே என் கையால் தூக்கிக் கொடுத்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரு பிள்ளை கோப்போடு வந்தாள், ஏதோ நிறுவனத்திலிருந்து. "அம்மா, வீட்டில கைவேலை செய்யிற ஆக்களின்ர பதிவு எடுக்கிறம்" என்றாள். பதிவு என்ற சொல் என்ன செய்யும் என்று எங்களைக் கேளுங்கள். அரிசிக்குப் பதிவு, கூடாரத்துக்குப் பதிவு, வீட்டுக்குப் பதிவு. ஒரு பதிவில் பெயர் தவறினால் மற்றதிலும் இல்லை. அதனால் கோப்போடு யார் வந்தாலும், எதற்கு என்று கேட்காமல் பொலித்தீன் பையை எடுத்து நீட்டுவோம். குடும்ப அட்டை, அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாம் அந்தப் பைக்குள். பத்திரமாய் இருக்கட்டும் என்று கொப்பியையும் அதற்குள்தான் வைத்திருந்தேன். அவள் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டுக் கொப்பியை எடுத்தாள்.

"ஐயோ, நல்லாயிருக்கே அம்மா! இதில ஆற்ர வீடுகள் இல்லாமற் போச்சு?"

"எல்லாம்" என்றேன். உண்மைதானே. அந்த ஒரு சொல்லைத்தான் அவர்கள் கண்ணீராக்கியிருக்கிறார்கள்.

"ஒரு கிழமையில கொண்டந்து தாறன். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

வைத்தேன். ஒழுங்கையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்கிறார்களாக்கும், மறுத்தால் கூரைத் தகரத்துப் பட்டியலில் பெயர் வெட்டுப்படும் என்று நினைத்தேன். பின்னேரம் செல்லமக்கா வந்தா.

"கொப்பி எங்கையடி?"

"பதிவுக்குக் குடுத்தனான்."

"படலைக்கு என்னடி பதிவு, விசரி?"

அது இரண்டு வருடத்துக்கு முன். அந்தப் பிள்ளை தந்த நம்பருக்கு எடுத்தால் முதலில் மணி அடித்தது, பிறகு அதுவும் இல்லை. கிளினிக்கில் கலண்டரைக் கண்ட பிறகு, அதில் போட்டிருந்த விலாசத்தை வைத்து நானும் செல்லமக்காவும் வவுனியாவுக்கு பஸ் ஏறினோம். காத்தாடிக்குக் கீழே ஒரு தம்பி இருந்தான். நல்ல மரியாதையானவன், கதிரை இழுத்துப் போட்டான்.

"அந்தப் புரஜெக்ட் முடிஞ்சுது அம்மா. பதிவெடுக்க வந்த மிஸ்சும் வேலையை விட்டிட்டுப் போயிட்டா. கொப்பி எங்கையெண்டு எனக்குத் தெரியாது. கலண்டர் வேணுமெண்டால் ஒண்டு தரட்டோ?"

"உன்ர கலண்டரில திகதி பாத்து நாங்கள் என்ன செய்ய? இவள்ற கொப்பியைத் தா" என்று செல்லமக்கா தொடங்கிவிட்டா. அவாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மேசையில் கிடந்த கலண்டரைத் தொட்டுக் காட்டினேன். மேசைக்கு முன்னால் முதன்முதலாய் என் வாய் திறந்தது.

"தம்பி, இது கண்ணீரில்லை. இது கந்தையா அண்ணையின்ர படலை. இந்த மூலையில இருக்கிறது அவற்ர மனுசியின்ர செருப்பு."

அவன் குனிந்து பார்த்தான். சிரித்தான். "எல்லாப் படலையும் ஒண்டுதானே அம்மா. பாக்கிற சனத்துக்கு விளங்கவேணும்."

எரிந்த படலைகளுக்குக்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அது எரிந்ததென்று தெரியும். இது எந்த அலுமாரியில், எந்தக் குப்பையில் என்றே தெரியாது. அவர்களுக்கு வேண்டிய ஒன்றை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டை எறிந்திருக்கிறார்கள்.

கலண்டரை வாங்கிவந்தேன். மற்ற மாதங்களில் படம் மற்றக் கைவேலைக்காரரின் சவர்க்காரமும் பனங்கட்டிக் குட்டானும்தான். சனவரித் தாளின் அடியில் இருந்த எழுத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டேன். தாள்களின் பின்பக்கம் வெள்ளை. தாளுக்கு இரண்டாக, முதலாம் வீட்டிலிருந்து திரும்பக் கீறத் தொடங்கினேன். ஒக்டோபர்த் தாளில் பத்தொன்பதாவதோடு கை நின்றுவிட்டது. குளத்துப் பக்கக் கடைசி நாலு படலையும் வரவில்லை. செல்லமக்காவுக்கும் இப்போது எல்லாம் கலங்குகிறது. மற்றப் படலைகளைக் கேட்க ஒரு மகனோ மருமகளோ எங்கேயாவது இருக்கிறார்கள். அந்த நாலு வீட்டிலிருந்து ஒருவரும் திரும்பி வரவில்லை. கேட்க ஆளில்லை. அவை கொப்பியில் மட்டும்தான் நின்றன.

"ஏதும் நாலைக் கீறி விடன். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றா செல்லமக்கா.

"எல்லாம் ஒண்டுதான் எண்டு சொல்ல வவுனியாவில ஒருத்தன் இருக்கிறான். நீங்களுமோ?"

அவா கலண்டர்த் தாளை என் பக்கம் தள்ளிவிட்டா.

அந்த நாலு இடத்திலும் இரண்டு பக்கமும் வேலியைக் கீறி, நடுவை அப்படியே விட்டிருக்கிறேன். கண்ணீர்ப் படம் தேடுகிறவர்கள் இனி வந்து இதைக் கேட்டால் கொடுப்பேன். கொண்டுபோக அதில் ஒன்றும் இல்லை.