போர்வைக்குள் பதினாலாம் நம்பர்

என் மாமனாரும் அவருடைய காலேஜ் கூட்டாளிகளும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கம் படித்த காலத்தில் வகுப்பில் என்ன நம்பரோ அதுதான் பேர். மாமா இருபத்தேழு. எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்னும் "ஏலே பதினாலு" என்றுதான் கூப்பாடு.

பம்பாய்க்கு வேலைக்கு வந்து ரிட்டயரானவர்கள். மாட்டுங்கா, ஆண்டாப் ஹில், செம்பூர் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்தாலும், சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுங்கா மைதானத்தில் கூடிப் பூப்பந்து ஆடுவார்கள். கம்பளிப் பந்து ஒரு பக்கம் போகும், இவர்கள் இன்னொரு பக்கம் ஓடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் காலேஜில் எடுத்த மாதிரியே அட்டெண்டன்ஸ். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வராதவன் நம்பரை அடித்துவிட வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவர் என் மாமா.

அறுபத்து நாலு வயதில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கர்த்தர் கிருபையால் பிழைத்தார். ஒரு மாசம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்காரர் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர், அப்பாவை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பி.ஏ. படித்தவரைக் காவல் காக்க அது போதும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு சனிக்கிழமை போயிற்று. மூன்றாவது சனிக்கிழமை பதினாலாம் நம்பர் பார்க்க வந்தார். அவரை நான் பதினாலு மாமா என்பேன். இருவரையும் பேசவிட்டுக் கீழே குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன். வந்து பார்த்தால் வாசலில் அவர் செருப்பு இல்லை. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாரே என்று வருத்தமாக இருந்தது. மாமா வழக்கம்போலத் தலையோடு போர்த்திப் படுத்திருந்தார்.

கஞ்சி கொடுக்குமுன் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபிப்பது என் வழக்கம். அன்றைக்கு மனசு நிறைந்து ஜெபித்தேன். ஆண்டவரே, இவருக்குப் பொறுமையைத் தாரும், அந்தப் பந்துப் பித்தை இவரை விட்டு எடுத்துப்போடும் என்றேன். இவரைக் கெடுக்கிற கூட்டாளிகளுக்கும் நல்ல புத்தி கொடும், விசேஷமாக அந்தப் பதினாலாம் நம்பருக்கு என்றும் கேட்டுக்கொண்டேன். போர்வை லேசாக நெளிந்தது. ஜெபம் முடிந்ததும் மாமா "ஆமென்" சொல்ல வேண்டும்.

"முருகா" என்றது போர்வை.

இழுத்துப் பார்த்தால் பதினாலு மாமா. அவர் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"கோவப்படாத தாயி. காலேஜ்ல ப்ராக்சி குடுத்த பழக்கம். இங்கயும் செல்லும்னு நெனச்சோம்."

மாமா எங்கே என்று கேட்டேன். பதினாலு மாமாவின் செருப்பை மாட்டிக்கொண்டு, தெரு முக்கில் இன்னொரு கூட்டாளி நிறுத்தியிருந்த டாக்சியில் மாட்டுங்கா போய்விட்டாராம். பந்து ஆடத்தானே என்று கத்தினேன்.

"மட்டையைத் தொட விடமாட்டோம் தாயி. இன்னைக்கும் வரலேன்னா நம்பரை அடிக்கணும்லா. இதுவரைக்கும் அடிச்சது செத்துப்போனவன் நம்பரைத்தான். நேத்து ராத்திரியெல்லாம் அவனுக்கு அதே நெனப்பாம்."

எனக்குக் கோபம் பாதிதான் மிச்சமிருந்தது. அந்தப் பாதியோடு அவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாமாவின் செருப்பு அவருக்குச் சின்னது, வழியெல்லாம் நொண்டினார். கஞ்சியில் உப்பு போட்டிருந்தாயா என்று வேறு விசாரித்தார்.

மைதானத்தில் மாமா ஒரு நாற்காலியில் கம்பளி மப்ளரோடு உட்கார்ந்து, ஆடினவர்களையெல்லாம் வைதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாய் மூடிவிட்டது. அட்டெண்டன்ஸ் ஆரம்பித்தது. பதினாலு மாமா எனக்குப் பின்னாலிருந்தே பிரசன்ட் சொன்னார்.

"இருபத்தேழு."

மாமா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்னையே பார்த்தார். மற்றவர்களும் மட்டையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்கள். மாமாவின் நெற்றியில் வியர்வை, ஆனால் அந்த முகத்தில் இரண்டு வாரமாக நான் காணாத ஒரு தெளிச்சி.

"சொல்லுங்க மாமா" என்றேன்.

"பிரசன்ட் சார்." மைதானத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

டாக்டர் எழுந்திருக்கச் சொல்லும்வரை அட்டெண்டன்ஸை எங்கள் வீட்டில் எடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன். சட்டம் போட்டவரும் ஒத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் ஜெபத்துக்கு முழங்கால் போடும்போது பதினாலு மாமா மெதுவாகக் குனிந்தார்.

"என்னையும் சேத்துக்கோ தாயி. புத்தி கேக்காண்டாம், அது இனிமே வராது. மூட்டு வலிக்குக் கேளு."

கேட்டேன். ஆமெனும் முருகாவும் சேர்ந்தே வந்தன.