விளிம்பில்லாத குழிகள்

வலது கைக் கட்டைவிரல் குழியின் ஓரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. விரல் போன இடமெல்லாம் ஈரமான பிளாஸ்டர் வழுவழுவென்று மேலெழும்பி ஒரு வளையமாக நின்றது. இடது கையில் நனைத்த பஞ்சு. விரல் ஒரு சுற்று, பஞ்சு ஒரு சுற்று. கடையில் வாங்கிய கிண்ணத்துக்குக்கூட அவ்வளவு ஒழுங்கான விளிம்பு இருக்காது. மேசை நீளத்துக்கும் இதே மாதிரிக் குழிகள், ஒரே அளவில், ஒரே இடைவெளியில். தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது எல்லாம் நூல் பிடித்த மாதிரி நின்றன. கைகளுக்குச் சொந்தக்காரருக்குப் பரம திருப்தி.

அத்தனையும் தப்பு. ஆனால் அது அவருக்கு மறுநாள்தான் தெரியப் போகிறது.

எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர்ப் பூச்சு வேலை; அதிலும் முக்கியமாக ஓட்டை அடைக்கும் வேலை. குழாய்க்காரர் உடைத்துவிட்டுப் போன சுவர், கரண்டுக்காரர் குடைந்துவிட்டுப் போன கூரை, குடியிருந்தவர் ஆணியடித்தே சல்லடையாக்கிய படுக்கையறை, எதுவானாலும் சுவடு தெரியாமல் மூடிவிடுவார். அவர் மனைவி பல் கட்டும் லேபில் வேலை செய்பவர். ஊரார் வாயிலுள்ள சந்துகளுக்குப் பல் செய்து கொடுப்பவர். மனைவியின் அண்ணன் பட்டி பார்ப்பவர், அதாவது பெயின்ட் அடிக்கும் முன் சுவரிலுள்ள சின்னச் சின்னப் பள்ளங்களில் மாவை இழுத்து நிரப்பி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர். உலகத்தில் பள்ளம் என்று ஒன்று இல்லாமல் போனால் அந்தக் குடும்பத்தில் அடுப்பு எரியாது.

இந்தத் தொழிலில் ஒரு கோளாறு உண்டு. நன்றாகச் செய்தால் யார் கண்ணுக்கும் படாது. கண்ணுக்குப் பட்டால் நன்றாகச் செய்யவில்லை என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் மேஸ்திரி தன் கைவரிசையைக் காட்ட மாமியாரை ஒரு பெரிய மண்டபத்துக்கு அழைத்துப் போய்க் கூரையைக் காட்டினார். மாமியார் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லாததைக் காட்டவா பஸ் ஏற்றிக் கூட்டிவந்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமே இல்லாமல் ஆக்கியதே தான்தான் என்று மேஸ்திரி விளக்கியது எடுபடவில்லை. அன்று முதல் அவருக்கு ஒரே ஆசை. செத்துப் போவதற்குள் நாலு பேர் நின்று தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு வேலை செய்துவிட வேண்டும்.

அந்த வேலைதான் இந்த மேசை. நகரத்து அறிவியல் கூடத்தில் புதிதாக ஓர் அறை திறக்கிறார்கள். அதில் எதையும் பார்க்க வேண்டியதில்லை, எல்லாம் தொட்டுத் தெரிந்துகொள்வதற்கு. அறைக்குப் பொறுப்பாளரான மேடத்துக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை இல்லை; கிரகங்களைப் படித்தவர், பாடம் நடத்துபவர். செவ்வாய்த் தரையில் வரிசையாகக் குழி விழுந்திருக்கும் ஓரிடத்தை மேசையாகச் செய்து தரச் சொல்லியிருந்தார். குழி என்ற சொல் காதில் விழுந்ததுமே மேஸ்திரி சரியென்று தலையாட்டிவிட்டார். வாழ்நாளெல்லாம் மூடியவருக்குத் திறக்கத் தெரியாதா?

மறுநாள் மேடம் மேசைமேல் கையை வைத்தார். விரல் முதல் குழியின் விளிம்பில் ஏறி, உள்ளே இறங்கி, மறுபக்க விளிம்பில் ஏறியது. அடுத்த குழியிலும் அப்படியே. மூன்றாவதற்கு அவர் போகவே இல்லை.

“மேல இருந்து கல்லு எறிஞ்சது யாரு மேஸ்திரி?”

யாரும் எறியவில்லை, துணி போட்டு மூடிப் பத்திரமாக வைத்திருந்தேன் என்றார் மேஸ்திரி.

மேடம் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். குழியில் இரண்டு ஜாதி என்றார். விண்கல் வந்து மோதினால் மண் நாலாபக்கமும் தெறிக்கும், தெறித்தது சுற்றிலும் விழுந்து மேடாகும். அந்தக் குழிக்கு விளிம்பு உண்டு. இது அதுவல்ல. இங்கே எதுவும் மேலே தெறிக்கவில்லை, எல்லாம் கீழேதான் போயிற்று. அடியிலிருக்கும் பாறை பிளந்து விலகும்போது மேலே கிடக்கும் தளர்ந்த மண் அந்தப் பிளவுக்குள் சரிந்துவிடும். இன்னோர் இடத்தில் எரிமலைக் குழம்பு மேலே தோல் கட்டிக்கொண்டு அடியில் ஓடியிருக்கும். ஓடி முடிந்ததும் உள்ளே வெறும் குழாய் மிஞ்சும், என்றைக்காவது அதன் கூரை இடிந்து விழும். பிளவு நீளமாகப் போவதால் குழிகளும் வரிசையாகப் போகும். செவ்வாய் என்றில்லை, நிலாவிலும் வெள்ளியிலும் நம் பூமியிலும்கூட உண்டு. சில குழிகளுக்குள் ஓர் ஊரையே இறக்கி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் பொது ஒன்றுதான்: தரை மட்டமாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று இருக்காது.

மேஸ்திரிக்கு மனசு ஆறவில்லை. “ஓரம் கட்டாம விட்டா வேலை தெரியாதவன்னு சொல்லுவாங்க மேடம்.”

“செவ்வாய்ல ஓரம் கட்ட ஆள் கிடையாது.”

மேடமே வழியும் சொன்னார். ஆராய்ச்சிக்காரர்கள் இதை ஒரு பெட்டியில் செய்து பார்ப்பார்களாம். பெட்டியின் அடித்தளம் இரண்டு பலகை. மேலே மண்ணை நிரப்பிவிட்டுப் பலகைகளை மெதுவாக விலக்குவார்களாம். “நீங்க குழி பண்ணாதீங்க. கீழ இடம் பண்ணுங்க, குழி அதுவா வரும்” என்றார். திங்கட்கிழமை அறை திறக்கிறது. அதற்குள் வராவிட்டால் கூடத்தின் டைரக்டர் அந்த இடத்தில் ஒரு போட்டோவை மாட்டிவிடுவார். “போட்டோ மாட்டினா எனக்கு அது வெறும் சுவர்” என்றார் மேடம்.

மேஸ்திரி தன் கொட்டகையில் மேசையே பெட்டியாகும்படி ஒன்று கட்டினார். திருகைத் திருப்பினால் அடிப்பலகைகள் மயிரிழை மயிரிழையாக விலகும்படி செய்தார். முதலில் வெறும் மணலைக் கொட்டிப் பார்த்தார். அழகாக விழுந்தது, ஆனால் எல்லாம் புனல் மாதிரி ஒரே சரிவு. பிறகு மணலோடு, பல் அச்சு வார்க்கும் கெட்டி மாவை மனைவியின் லேபில் சொல்லிவிட்டு வாங்கிவந்து கலந்து, நன்றாக ஈரம் போட்டார். அது விழவே மாட்டேன் என்றது. அடியில் கையை விட்டுப் பார்த்தால் வெற்றிடம், மேலே தரை பிடிவாதமாக அந்தரத்தில் நிற்கிறது. கோபத்தில் பெட்டியை ஓர் உதை உதைத்தார். மொத்தமும் ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டது. சரக்கு வீணானாலும் விஷயம் பிடிபட்டுவிட்டது. அடியில் உலர்ந்த கலவை, மேலே லேசாக ஈரம் காட்டிய ஒரு மெல்லிய படலம். அடிமண் ஓடும், மேல்மண் கொஞ்சம் தம் பிடித்து நின்றுவிட்டுச் செங்குத்தாக உடையும்.

வெள்ளிக்கிழமை காலை திருகைத் திருப்பினார். மேலே ஒரு சலனமும் இல்லை. இன்னும் திருப்பினார். நடுவில் கோடு போட்ட மாதிரி தரை லேசாக உள்வாங்கியது. பிறகு ஒரு குழி. தள்ளி இன்னொன்று. நடுவில் விழுந்த மூன்றாவது, பக்கத்துக் குழியோடு போய்ச் சேர்ந்துகொண்டது. ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. தன் கண் முன்னால் தன் தளம் இடிந்து விழுவதைப் பார்த்து ஒரு பூச்சுக்காரர் சிரித்தது அந்தத் தொழிலில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். பனி மாதிரித் தண்ணீர் தெளித்தார். மாவு இறுகியது. காயட்டும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை ஓர் அவசர வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், கொட்டகையில் மச்சான். பட்டிக்காரர். ஏணி எடுக்க வந்தவர். கையில் உப்புத்தாள், புருவம் வரைக்கும் வெள்ளை மாவு. குழி ஒன்றுகூட மிச்சமில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு கோட் பிரைமரும் அடித்திருந்தார்.

“உன் தளம் பூரா பள்ளம் விழுந்து கிடந்துச்சு மாப்ள. நல்ல வேளை நான் வந்தேன். தடவிப் பாரு, கண்ணாடி.”

மேஸ்திரி சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார், ஆனால் வேலை சுத்தமாக இருந்ததால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. சாப்பாட்டைக் கொண்டு வந்த மனைவி மேசையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

“அண்ணே, ஒரு பள்ளத்தைப் பாத்தா உன்னால சும்மா போக முடியாதா?”

“பாத்துட்டு எப்படிம்மா போறது? மனசு கேக்கல.”

சொத்தைப் பல்லில் பழைய அடைப்பைத் தோண்டுவது போல லேபின் சின்ன டிரில்லால் பட்டியைக் குடைந்து எடுத்துவிடலாம் என்று மனைவி சொல்லிப் பார்த்தார். மேஸ்திரி ஒரு குழியில் குடைந்து பார்த்தார். கண்ணுக்கு அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டார். டிரில் போன தடமெல்லாம் தனித்தனியாக விரலில் தட்டியது. மேடத்தின் விரல் இதைவிட நூறு மடங்கு பொல்லாதது. உளியை எடுத்து எல்லாவற்றையும் உடைத்துக் கொட்டினார். பார்த்துக்கொண்டிருந்த மச்சானுக்கு முகம் செத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சலித்து, கலந்து, நிரப்பினார்கள். திருகைத் திருப்புவது மச்சான் என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது தண்டனை. குழி ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இடது கை தானாகப் பட்டித் தகட்டைத் தேடியது. தங்கை அந்தத் தகட்டைக் காலையிலேயே எடுத்து ஒளித்து வைத்திருந்தார்.

கடைசிக் குழி திறக்கவில்லை. தரை தட்டு மாதிரி லேசாக அமுங்கி அப்படியே நின்றுவிட்டது. திருகும் முடிந்துவிட்டது. இன்னொரு தடவை செய்ய நாளும் இல்லை, மாவும் இல்லை. ஒரு கரண்டி எடுத்து நாசூக்காகத் தோண்டிவிடலாமா என்று மேஸ்திரியின் கை துடித்தது.

“தோண்டினது தெரியுமா?” என்று மனைவி கேட்டார்.

“தெரியும்.”

“அப்ப விடுங்க. விழலன்னு சொல்லுங்க.”

தண்ணீர் தெளித்தார். இறுகும் வரை மச்சானைக் கொட்டகைக்கு வெளியே உட்கார வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை வண்டியிலிருந்து இறக்கி அறைக்குள் வைத்தபோது, சுவரில் போட்டோவுக்கான ஆணியை ஏற்கெனவே அடித்திருந்தார்கள். மச்சான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். மேடம் மேசையின் ஓரத்தில் விரலை வைத்து நகர்த்தினார். மட்டமான தரை. இன்னும் மட்டமான தரை. விரல் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே விழுந்தது. மேடம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் விழவிட்டுப் பார்த்தார். ஒன்றோடொன்று சேர்ந்துகொண்ட இரண்டு குழிகளுக்கு நடுவே மிஞ்சியிருந்த கத்தி மாதிரித் திட்டை நகத்தால் தொட்டார். அடுத்த குழிக்குப் போய்விட்டார். மேஸ்திரிக்கு மாமியார் மண்டபத்துக் கூரையைப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

கை கடைசிப் பள்ளத்துக்கு வந்து நின்றது.

“இது என்ன?”

“அது விழல மேடம். நாங்க விலக்கினது அதுக்குப் பத்தல.”

மேடம் உள்ளங்கையை விரித்து அந்த அமுங்கல்மேல் வைத்தார். செவ்வாயிலும் எல்லாம் ஒரே நாளில் விழவில்லை, இந்த மாதிரி நிறையக் கிடக்கின்றன, இதைச் செய்து தரச் சொல்லி எப்படிக் கேட்பதென்று தெரியாமல்தான் கேட்காமல் விட்டேன் என்றார். பிறகு முதல் குழியிலிருந்து மறுபடியும் தொடங்கினார். பாதி வழியில் நின்றார்.

“இந்தக் குழிக்குள்ள ஒரு விரல் இருக்கு. யாரோடது?”

மேஸ்திரியுடையதுதான். ஓரம் சரியாக இருக்கிறதா என்று அது தன் போக்கில் பார்த்துக்கொண்டிருந்தது.

“எடுத்துக்கங்க மேஸ்திரி” என்றார் மேடம். “இனிமே இது என் மேசை.”

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.