ஜெசிந்தாவை அணியில் சேர்த்த அமெரிக்கர்

ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள், டென்மார்க்கில் யாரையும் மரியாதைக்கு 'சேர்' என்று கூப்பிட முடியாது. முதலாளிக்கும் பெயர்தான், வைத்தியருக்கும் பெயர்தான், கத்தோலிக்கக் கோயிலில் பூசை வைக்கும் சுவாமிக்கும் பெயர்தான். வந்த புதிதில் என் ஃபோர்மனை 'சேர்' என்றேன். நக்கலடிக்கிறேன் என்று நினைத்து அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நான் இருந்த கிரின்ஸ்டெட் ஊரில் அந்தச் சொல்லை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்ட ஒரே ஆள் வால்ட்டர். அமெரிக்கர். ஊர்க் கூடைப்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர்.

தொழிற்சாலையால் வந்தால் அறையில் சுவரைத்தான் பார்க்கவேண்டும். அதனால் விளையாட்டு மண்டபத்துக்குப் போவேன். பள்ளியில் கூடைப்பந்து ஆடியவன் என்று அறிந்து வால்ட்டர் என்னையும் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் ஆறு கல்லூரிகளில் பயிற்சியாளராக இருந்தவர். தோற்றால் சீட்டைக் கிழித்துவிடுவார்களாம். வென்றால் இன்னொரு கல்லூரி கூப்பிடுமாம். எப்படியும் பெட்டி கட்டத்தான் வேண்டும். தன் திறமையெல்லாம் ஆள் பிடிப்பதில்தான் என்பார். நன்றாக ஆடும் பையன் எங்கேயாவது இருந்தால், அவன் சம்மதிக்கும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவன் வீட்டுக்குக் கைப்பட ஒரு கடிதம்.

"ஆனால் அவன் வந்து ஆடத் தொடங்கும்போது நான் வேறு ஊரில் இருப்பேன். நான் கூப்பிட்ட பிள்ளைகள் ஆடி நான் பார்த்தது குறைவு" என்றார் ஒருநாள்.

நான் அவருக்கு ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊர் பாஷையூரில் அவளோடு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, மட்டும் முடித்துவிட்டு வந்தவன் நான். கோயில் கலியாணம் அவள் இங்கே வந்தபிறகு என்று பேச்சு. அவளை இங்கே எடுக்க விண்ணப்பம் போட்டு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. கேட்டால் 'பரிசீலனையில்' என்று ஒரு தாள் வரும். எங்கள் தமிழ் ஆட்களின் கோப்புகளை டென்மார்க் நீதி அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. அதனால் ஓர் அரசாங்கமே விழுந்தது. அப்போதோ எனக்கே தெரியாத காரணத்தை மாமனாருக்கு எப்படிச் சொல்வது? "அவருக்கு அங்கை ஆரோ ஒருத்தி இருக்கிறாள். எழுத்தை முறிப்பம்" என்று அவர் சொல்லத் தொடங்கிவிட்டதாக ஜெசிந்தா எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைத்தளத்தில் அழுதிருக்கிறேன்.

வால்ட்டர் அவளுடைய விலாசத்தைக் கேட்டார். அடுத்த திங்கட்கிழமையே எழுதத் தொடங்கினார்: எங்கள் அணியில் உங்களுக்கு இடம் இருக்கிறது, உங்கள் கணவர் தவறாமல் பயிற்சிக்கு வருகிறார், கொஞ்சம் மெலிந்தால் நல்லது. பாஷையூரில் வீடு அமளிப்பட்டது. முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் வீட்டுப் பெண்ணுக்குக் கிழமைக்கொரு கடிதம் போட்டால் சும்மா இருப்பார்களா? ஊரில் நடந்த போருக்குள் தபால் சிக்கி, நாலைந்து ஒன்றாகப் போய் இறங்கியிருக்கின்றன. மாமா அத்தனையையும் தூக்கிக்கொண்டு பங்குச் சுவாமியிடம் ஓடினார். பிறகு எனக்கு எழுதினார்:

"சுவாமி சொல்லுறார், கள்ளத்தொடர்பு வைச்சிருக்கிறவன் தன்ரை வாத்தியைக் கொண்டு பெண்சாதிக்குக் கடிதம் போடுவிப்பானோ எண்டு. சரி தம்பி, பொறுப்பம்."

பொறுத்தார். கடைசியில் விசாவும் வந்தது. பில்லுண்ட் விமான நிலையத்தில் ஜெசிந்தாவின் பெட்டியை நான் வாங்குமுன் வால்ட்டர் வாங்கிவிட்டார். எனக்கு அன்று இருந்த சந்தோசத்தில் அதுவும் சந்தோசமாகவே இருந்தது.

அவள் வந்த அந்த வசந்தத்திலேயே கழகம் வால்ட்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. இங்கே எல்லாப் பிள்ளைகளையும் ஆடவிட வேண்டும். அவர் வெல்லக்கூடியவர்களை மட்டும் ஆடவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானம். சனிக்கிழமை பெண்கள் அணிக்கு ஒரு சிநேகபூர்வ ஆட்டம் இருந்தது. ஜெசிந்தா ஆடுவாளா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உமக்கு இது தெரியாதே" என்றேன் ஜெசிந்தாவிடம்.

"நெட்போல் தெரியும்தானே. அந்த மனுசன் இவ்வளவு கடிதம் எழுதினவர். ஆடாமல் விடேலுமே?" என்றாள்.

நெட்போலிலும் பந்தைக் கூடைக்குள்தான் போடவேண்டும், ஆனால் தரையில் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. பிடித்ததும் ஊன்றிய காலை நகர்த்தாமல் நின்று, ஆள் பார்த்து எறியவேண்டும். பந்து ஜெசிந்தாவின் கைக்கு வந்தது. பிடித்தாள். நின்றாள். "ட்ரிப்ள! ட்ரிப்ள!" என்று, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடச் சொல்லி டெனிஷ் பெண்கள் கத்தினார்கள். வால்ட்டர் மட்டும் எழுந்து நின்று, அவள் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டது போலக் கைதட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய இடது கால் கிரின்ஸ்டெட் தரையில் அசையாமல் நின்றது. வலது கால் சுற்றிச் சுற்றி, வைக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தது.