பெயின்ட் பிடிக்காத பானட்

முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவர். வழியில் ஒரு கோழிமேல்கூட வண்டியை ஏற்றியதில்லை. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த மனுஷன்தான். ஆனால் என்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். படித்த என்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற இடத்தில், ஒரே ஒரு ஒயரைத் திருகி வண்டியைக் கிளப்பிக் காட்டிய ஆள். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘டிரைவர்’. பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவரையே ஆட்டிவைத்தது ஒரு காகிதம்.

சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்கு வருகிற நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி வந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. ஆறு வருஷமாக அதில்தான் குடும்பம் ஓடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தை அவர் சம்சாரம் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். இனிமேல் வண்டிகள் எல்லாம் வெள்ளை நிறத்தில் இருக்க வேண்டும், துரு தெரியக் கூடாது. மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பரிசோதனை. தேறாத வண்டிக்கு அன்றோடு வேலை இல்லை.

“இன்னொரு தடவை படி” என்றார்.

“மூணு தடவை படிச்சாச்சு. எத்தனை தடவை படிச்சாலும் அதேதாங்க எழுதியிருக்கு.”

அவர் வண்டி நீல நிறம். வயது பதினாறு. கதவுக்கு அடியில் துரு அரித்து, விரலால் குத்தினால் உதிரும். அவருக்கோ ஐம்பத்தெட்டு. இந்த வயதில், இந்த வண்டியோடு, வேறு எவன் வேலை தருவான்? அன்றிலிருந்து உள்ளுக்குள் பயம்தான். வெளியே மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

பெரிய ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் பெயின்டரிடம் போனார். பெயின்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து ஒரு தொகை சொன்னார். டிரைவருக்குக் காது அடைத்துப்போயிற்று.

“யோவ், நான் என் வண்டிக்கு பெயின்ட் அடிக்கக் கேட்டேன். உன் வீட்டுக்கு மாடி எடுக்கவா கேட்டேன்?”

“துரு வெட்டி, பட்டி பார்த்து, முழு வண்டியும் நிறம் மாத்தணும்ண்ணே. சும்மா ஆகுமா?”

“போய்யா. நானே அடிச்சுக் காட்டுறேன். வந்து பார்த்துக் கத்துக்கோ.”

“அடிங்கண்ணே, அடிங்க. சொல்லி அனுப்புங்க, டிக்கெட் வாங்கிட்டு வந்து பார்க்குறேன்” என்று பெயின்டர் சிரித்தார். அங்கிருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

சொல்லிவிட்டாரே தவிர, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. என்றாலும் நம்ம ஆளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படித்தவனுக்குப் பயம் வந்தால் நாலு பேரிடம் போய் யோசனை கேட்பான். கையை நம்பிப் பிழைத்தவனுக்குப் பயம் வந்தால் வேலையில் இறங்குவான். வாரநாளெல்லாம் வண்டி நோயாளிகளோடு ஓடவேண்டும், அதனால் கிடைத்தது சனியும் ஞாயிறும்தான். முதல் வாரம் துருவைச் சுரண்டினார், ஓட்டைக்குத் தகடு வைத்தார், பட்டி போட்டு மேடுபள்ளம் நிரப்பினார். அடுத்த வாரம் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்ததில் விரல் ரேகை போய்விட்டது. கடைசி வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி, ஓட்டம் முடிந்து வந்து, அடிப்பூச்சாகப் பிரைமர். கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வாடகைக்கு. வீட்டுக்கு முன்னால் இருக்கிற தகர ஷெட்டில் சம்சாரத்தின் பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டினார். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினார். கண்ணாடிக்கும் டயருக்கும் பேப்பர் ஒட்டினார். அடுப்பை அணைக்கச் சொன்னார். சனிக்கிழமை காலை எல்லாம் தயார்.

பதினோரு மணிக்கு மேல், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பானட்டில் முதல் கோட் அடித்தார். வெள்ளை பால் மாதிரி விரிந்தது. ‘வாடா பெயின்டரு, வந்து பாருடா’ என்று மனசுக்குள் சொல்லி முடிக்கவில்லை. பானட்டின் நடுவில் ஒரு பொட்டு திறந்தது.

சின்னதாக, கடுகு அளவு. பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி ஓடி, நடுவில் பிரைமர் தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அப்புறம் பத்து. கண் முன்னாலேயே பானட் முழுக்க அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. பதறிப்போய் மேலே இன்னும் கெட்டியாக அடித்தார். பொட்டுகள் மூடவில்லை, வாயைப் பெரிதாகத் திறந்தன. டிரைவர் பக்கத்துக் கதவை அடித்துப் பார்த்தார். அங்கேயும் அதே கதை.

கன்னைக் கீழே வைத்துவிட்டு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை ஒன்பது மணி என்பது மட்டும் மண்டைக்குள் ஆணி அடித்தது.

சம்சாரம் சேலையை விலக்கிப் பார்த்தாள். கணவர் முகத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

“என்னங்க, இது என்ன டிசைனா?”

அவர் பானட்டைக் கையால் காட்டினார். பயம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. “எழுந்திருங்க. பெயின்டர்கிட்ட போய்க் கேட்டுட்டு வருவோம்.”

“அவன்கிட்டயா? அதுக்கு நான் ஆத்துல குதிக்கலாம்.”

“திங்கக்கிழமைக்கு அப்புறம் அதையும் சேர்ந்தே பண்ணலாம். இப்ப கிளம்புங்க.”

இருவரும் நடந்தே போனார்கள். ஒர்க் ஷாப் வாசலில் டிரைவரின் கால் நின்றுவிட்டது. முப்பது வருஷத்தில் ஒருவனிடமும் போய் ‘எனக்குத் தெரியல’ என்று சொன்ன வாய் இல்லை அது. பெயின்டர் அவர் சட்டையில் தெறித்திருந்த வெள்ளையைப் பார்த்தார்.

“என்னண்ணே, டிக்கெட் குடுக்க வந்தீங்களா?”

“தம்பி” என்றார் டிரைவர். ‘யோவ்’ போய்த் ‘தம்பி’ வந்ததைக் கேட்டதும் பெயின்டரின் சிரிப்பு அடங்கியது. “பெயின்ட் நிக்க மாட்டேங்குது. பொட்டுப் பொட்டா விலகிப் போகுது.”

“மீன் கண்ணு மாதிரி இருக்கா?”

“ஆமா, ஆமா. அதேதான்.”

“எண்ணெய்ப் பசைண்ணே. பிரைமர் அடிச்ச பிறகு வண்டி மேல யாராச்சும் கைய வெச்சாங்களா?”

“என் வண்டி மேல எவன் வெப்பான் கைய? கைய ஒடச்சிர மாட்டேன்?”

“நீங்கதான் வெச்சீங்க” என்றாள் சம்சாரம்.

“நானா?”

“காலையில ஷெட்டைச் சுத்திச் சேலை கட்டுறதுக்கு முன்னாடி. பானட்டையும் உங்க பக்கத்துக் கதவையும் தோள்ல கிடந்த மஞ்சள் துணியால ஒரு துடை துடைச்சீங்க. நான் ஜன்னல்ல இருந்து பார்த்தேன்.”

டிரைவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எண்ணெய் ஊறிய பாலிஷ் துணி! வண்டி வாங்கிய நாளிலிருந்து, காலையில் எடுக்கும்முன் அந்தத் துணியால் பானட்டுக்கும் தன் கதவுக்கும் ஒரு துடைப்பு. ‘என் வண்டியில முகம் பார்த்துத் தலை சீவலாம்’ என்று ஊரெல்லாம் பெருமை அடித்தது அந்தத் துணியை வைத்துத்தான். பல் விளக்குவது மாதிரி, கை தானாகச் செய்துவிட்டது. செய்ததே அவருக்குத் தெரியவில்லை.

“அப்பவே சொல்றதுக்கென்ன?” என்று சம்சாரத்தின் மேல் பாய்ந்தார்.

“பெரிய வித்தைக்காரரு, ஏதோ முறையாத்தான் செய்யறாருன்னு நினைச்சேன்.”

பெயின்டர் தும்முவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வழி சொன்னார். “அந்த ரெண்டு இடத்தையும் நல்லா காயவிட்டு, பிரைமர் வரைக்கும் தேய்ச்சு எடுங்க. புது வெள்ளைத் துணியில தின்னர் விட்டுத் துடைங்க. ஒரு தடவை துடைச்ச பக்கத்தால மறுபடி துடைக்காதீங்க. பிரைமரை மறுபடி லேசா அடிச்சுட்டு, அது காஞ்சதும் வெள்ளையில முதல் கோட்டைப் பனி பெய்யுற மாதிரி லேசா விடுங்க. பயத்துல மட்டும் கெட்டியா அடிச்சிராதீங்க.”

“பயமா? எனக்கா?” என்றார் டிரைவர். குரல் கீச்சென்று வந்தது.

மத்தியானம் மற்ற பக்கங்களை அடித்து முடித்தார். துணி படாத இடமெல்லாம் ஒரு பொட்டும் இல்லாமல் நின்றது. ஞாயிறு காலை கெட்டுப்போன இரண்டையும் தேய்த்தார். சம்சாரம் புதுத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்க, அவர் துடைத்துத் துடைத்து எறிந்தார். பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் கன்னை எடுத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பனி மாதிரி விட்டார். மூச்சை அடக்கிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று, ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு பொட்டும் திறக்கவில்லை. நிலைக்கதவில் சாய்ந்து நின்ற சம்சாரம், “மூச்சு விடுங்க, ஊதா நிறமாகுறீங்க” என்றாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் ஏழு வண்டிகள். மேனேஜர் அம்மா கையில் ஒரு அட்டையும் பேனாவுமாக ஒவ்வொன்றாக வந்தார். டிரைவருக்கு முன்னால் நின்ற வண்டியைக் கதவோரத்துத் துருவுக்காகத் தள்ளிவிட்டார். அந்த ஆள் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே போனதைப் பார்த்ததும் டிரைவர் அவசரமாகக் குனிந்து தன் கதவுக்கு அடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

மேனேஜர் அம்மா குனிந்து கதவுக்கு அடியில் பார்த்தார். பானட்டை வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தார்.

“எந்த ஒர்க் ஷாப்?”

“வீட்டுலதாம்மா. நானே.”

“நீங்களேவா?” அவர் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று டிரைவருக்குத் தெரியவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலைமையிலும் இல்லை. பிறகு அந்த அம்மா பையிலிருந்து ஆஸ்பத்திரியின் பெரிய ஸ்டிக்கரை எடுத்து, பின்தாளை உரித்து, டிரைவர் பக்கத்துக் கதவில் ஒட்டினார். தேறிய வண்டிக்குத்தான் அது. டிரைவருக்குக் கண் கலங்கியது.

“அடடா, கோணலா ஒட்டிட்டேனே” என்று மேனேஜர் அம்மா ஸ்டிக்கரின் முனையில் நகத்தைக் கொடுத்தார்.

டிரைவர் ஓர் எட்டு முன்னால் வந்தார். நேற்று அடித்த பெயின்ட் மேலேதான் காய்ந்திருக்கிறது, உள்ளே இன்னும் பிடிக்கவில்லை. இப்போது உரித்தால் ஸ்டிக்கரோடு கதவின் வெள்ளையும் தோலாக வந்துவிடும். அப்புறம் அட்டையில் எழுதியதையும் அடித்துவிடுவார்.

“அம்மா, உரிக்காதீங்க!” என்று கத்தியேவிட்டார். மற்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். “உங்க காலைப் பிடிக்கிறேன், உரிக்காதீங்க. நேத்து அடிச்சதும்மா அது. நான் தப்புப் பண்ணி, திருப்பி அடிச்சது. முழுசாக் காய ஒரு வாரம் வேணும்.”

மேனேஜர் அம்மா நகத்தை எடுத்தார். கதவைப் பார்த்தார், வேர்த்து வழிகிற மனுஷனைப் பார்த்தார். கட்டைவிரலால் ஸ்டிக்கரின் முனையை மெதுவாகத் திரும்ப அழுத்திவிட்டார்.

“கோணலாவே இருக்கட்டும். மூணாவது வார்டுல ஒரு பெரியவர் காத்துட்டிருக்கார். கூட்டிட்டுப் போங்க.”

பெரியவர் ஊன்றுகோலோடு வந்து, ஸ்டிக்கருக்கு நேராகத் தலையைச் சாய்த்து நின்று பார்த்தார். “டிரைவரே, வண்டி சாஞ்சு நிக்குதா, இல்ல எனக்குத்தான் தலை சுத்துதா?”

“ரெண்டும் இல்லீங்க. உள்ள உக்காருங்க” என்றார் டிரைவர். பெரியவரை உட்காரவைத்து, தன் பக்கத்துக் கதவை முட்டையை வைப்பதுபோல் சாத்தினார்.