காப்பீட்டு அட்டையும் என் மனைவியின் வலது கையும்

மருத்துவமனையில் பதினொரு நாள் வைத்துப் பார்த்தார்கள். அட்டையை நீட்டியதோடு சரி, ஒரு பைசா கேட்கவில்லை. என் மனைவி ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அவளுக்குக் கொடுத்த அரசுக் காப்பீட்டு அட்டை அது. பக்கவாதம் அவளுடைய வலது பக்கத்தை அடித்துப் போட்டிருந்தது. காலை இழுத்து நடந்தாள், பேச்சு குழறியது, கை மட்டும் மடியில் வைத்த இடத்திலேயே கிடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, கைக்கு உடனே பிசியோதெரபி தொடங்க வேண்டும், முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்று ஹிந்தியில் சொன்னார். அட்டைதான் இருக்கிறதே, இதில் என்ன கஷ்டம் என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அதே மருத்துவமனையின் பிசியோ கவுண்டரில் ஏழு வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் வரச் சொன்னார்கள். ஆறு மாதம் என்று டாக்டர் சொன்னாரே என்றேன். கவுண்டரில் இருந்தவர் சுவரைக் காட்டினார். அட்டையை ஏற்கும் தனியார் இடங்களின் பட்டியல் அங்கே ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

காட்கோபரில் பட்டியலில் இருந்த முகவரியில் மொபைல் கவர் விற்கும் கடை இருந்தது. கடைக்காரனுக்கு பிசியோ என்ற சொல்லே தெரியவில்லை. நான் போட்டோவைக் காட்டி அவனிடம் சண்டை போட்டேன், பாவம் அவன் என்ன செய்வான். செம்பூரில் இடம் இருந்தது, ஏசி இருந்தது, மேஜையில் ஒரு பெண்ணும் இருந்தாள். அட்டையைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். அதையெல்லாம் நாங்கள் விட்டு ரெண்டு வருஷம் ஆகிறது அங்கிள் என்றாள். இன்னொரு இடத்தில் டாக்டர் சீட்டின் தேதி பழையதாகிவிட்டது, புதிதாக எழுதி வாங்கி வா என்றார்கள். புதிதாக எழுதி வாங்க மூன்று வாரம் ஆனது. மருத்துவமனையில் கொடுத்த தேதியில் போனால், பிசியோ ஆள் மாற்றலாகிவிட்டார், புது ஆள் வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் வெளியே வரும்போது அடி வாங்கியவன் மாதிரி நடுத்தெருவில் நிற்பேன். கையில் அரசாங்கம் கொடுத்த அட்டை, அதை வாங்கிப் பார்க்க ஆள் இல்லை. இப்படியும் நடக்குமா என்று எனக்கு நம்பவே முடியவில்லை.

கை வராதவரை அவளுக்குக் கையாக நானிருப்பேன் என்று முடிவு செய்தேன். எங்கள் வீடு தாராவியில், நான் குமாஸ்தாவாக இருக்கும் லாரி ஆபீஸ் சயனில். மதியம் ஒரு மணிக்கு நடந்தே வீட்டுக்கு வருவேன். சோற்றைப் பிசைந்து ஊட்டுவேன். வாய் துடைத்துவிடுவேன். காலையில் தலை வாரிப் பின்னல் போடுவேன், முதலில் கோணலாக வந்தது, பிறகு நன்றாகவே வந்தது. ஜாக்கெட் கொக்கிகூட நான்தான் மாட்டுவேன். எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்தது சூரத்தில், அவள் வந்து பார்த்துவிட்டு அழுதாள். நான் இல்லாத நேரத்தில் துணைக்கு உட்காரும் பக்கத்து வீட்டுப் பெண், சந்து முழுக்கக் கேட்கும்படி, "அண்ணாச்சி மாரி யாரு செய்வா? மதினி குடுத்து வச்சவ" என்பாள். எனக்கு அதைக் கேட்கப் பிடித்திருந்தது, மறைப்பானேன். தண்ணீர் பிடிக்கும் வரிசையிலும் அதையே சொன்னாள்; முதல் இரண்டு தடவை கூச்சத்தில் தலை குனிந்தேன், மூன்றாம் தடவை நிமிர்ந்தே நின்றேன்.

ஐந்தாம் மாதம் டோம்பிவிலிக்குப் போனேன். அங்கே ஒருவர் அட்டைக்குப் பார்க்கிறார் என்று ஆபீசில் சொன்னார்கள். ரயில் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒற்றைக் காலில் நின்றபடி போய் இறங்கினால், அந்த ஆள் உண்மையாகவே இருந்தார், உண்மையாகவே அட்டையை வாங்கினார். திருப்பிப் பார்த்துவிட்டு, தாராவி அட்டையை இங்கே பதிய முடியாது, உங்கள் பகுதிக்கு மாட்டுங்காவில் மார்க்கெட் பின்னால் ஒரு அம்மா இருக்கிறாரே, அங்கே ஏன் போகவில்லை என்றார். நான் மொபைலை எடுத்துப் பட்டியலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காவது வரியில் இருந்தது. அதை நான் முதல் நாளே படித்திருந்தேன். மாட்டுங்கா என்று பார்த்ததும் அது வசதியான தமிழர்கள் இருக்கும் பகுதி, நமக்கான இடமில்லை, வெள்ளி டம்ளரில் காப்பி குடிப்பவர்கள் அட்டையை எங்கே தொடப்போகிறார்கள் என்று நானே தாண்டிப் போயிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ரயில்வே பாலத்தைத் தாண்டினால் போய்விடலாம். திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, உட்காரத் தோன்றவில்லை.

மறுநாளே லீவு போட்டு அவளை டாக்சியில் அழைத்துப் போனேன். பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு கட்டில் போட்ட அறை. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், பாலக்காட்டுப் பக்கத்துப் பேச்சு. அட்டையை வாங்கினார், எண்ணை எழுதினார், திருப்பிக் கொடுத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து மாதம் அலைந்த காரியம் அவ்வளவுதானா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு என் மனைவியிடம் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். பதிலெல்லாம் நான் சொன்னேன்.

"அவாளே சொல்லட்டும் சார்" என்றார். "சரி, இதை நீங்க சொல்லுங்கோ. யார் ஊட்டறா?"

"நான்தான்."

"தலை வாரறது?"

"அதும் நான்தான். கொக்கி மாட்டுததும் நான்தான். அவளை ஒரு துரும்ப எடுக்க விடலம்மா."

பாராட்டுக்குக் காத்திருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன்?" என்று கேட்டார். ஐந்து மாதத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது.

என்னைக் கதவோரம் உட்காரச் சொன்னார். ஒரு துண்டை எடுத்து என் மனைவியின் இடது கையை, நன்றாக இருக்கும் கையை, நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார். அவள் முன்னால் ஒரு ஸ்டீல் டம்ளரில் பாதி தண்ணீர் வைத்தார். எழுந்துவிட்டேன்.

"என்னம்மா செய்யுதீங்க? இருக்க கையையும் கட்டிப்போட்டா அவ என்ன செய்வா?"

"உக்காருங்கோ சார்" என்றார், குரலை உயர்த்தாமல்.

வலது கை அசைந்தது. மடியில் கிடந்த கை மேஜை மேல் ஏறியது, ஊர்ந்தது, விரல்கள் விரிந்து டம்ளரைச் சுற்றி மூடின. இரண்டு அங்குலம் தூக்கினாள். தண்ணீர் கொட்டியது. இனி வராது என்று உள்ளுக்குள் எழுதி வைத்துவிட்ட கை அது.

"இது இன்னிக்கு வந்த அசைவு இல்லை" என்றார் அந்த அம்மா. "நீங்க ஊட்ட ஊட்ட அந்தக் கைக்கு வேலையே இல்லாம போயிடுத்து. வேலை இல்லாத கை மறந்துண்டே போகும். இன்னும் கொஞ்ச மாசம் இப்படியே விட்டிருந்தேள்னா, அப்புறம் நான் என்ன பண்ணினாலும் கஷ்டம்."

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தரையைத்தான் பார்த்தேன். சந்தெல்லாம் புகழ்ந்த என் கைதான் அவள் கையைக் கெடுத்திருக்கிறது என்பது மண்டைக்குள் ஏறவே நேரம் பிடித்தது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். டாக்சி பிடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"எப்ப இருந்து அசையுது?" என்று கேட்டேன்.

அவளுக்கு அப்போது பேச்சு வந்துவிட்டிருந்தது, மெதுவாக வரும். "ரெண்டாம் மாசமே வெரலு வந்துட்டு."

"ரெண்டாம் மாசமா? நான் ஊரு ஊரா அலையுதேன், நீ சொல்லலியே. ஏன் சொல்லல?"

அவள் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டாள்.

"கை வந்துட்டுன்னா நீங்க விட்டுருவீயன்னு நெனச்சேன்."

"எத?"

"மத்தியானம் வீட்டுக்கு வாரத. எங்கிட்ட உக்காந்து பேசுதத." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இருவத்தாறு வருசமா அதே ஆபீசு, அதே வீடு. நான் லீவுல வீட்டுல கெடந்தப்பகூட ஒரு நாளாச்சும் மத்தியானம் வந்துருக்கீயளா?"

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. கம்பெனியில் அவள் கை வேகத்துக்கு ஈடு கொடுக்க ஆளில்லை என்று அவளுடைய சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அந்தக் கையை, நான் பக்கத்தில் உட்கார்வதற்காக, மூன்று மாதம் மடியிலேயே போட்டு வைத்திருக்கிறாள். இவ்வளவு நாள் நான் யாரோடு குடித்தனம் நடத்தினேன் என்று பகீரென்றது. எழுந்து டாக்சிக்குக் கை காட்டினேன்.

மறுநாள் மதியம் வழக்கம்போல ஒரு மணிக்கு வந்தேன். அந்த அம்மா சொல்லிக் கொடுத்தபடி இடது கையைத் துண்டால் கட்டினேன். ரசம் சோற்றைத் தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தேன். பக்கத்திலே நின்றால் என் கை தானாக நீண்டுவிடும் என்று பயந்து, அடுப்புப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். சோறு தரையில் விழும் சத்தம் கேட்டது. தட்டு நகர்ந்தது. திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்துத் திரும்பினேன். கன்னமெல்லாம் பருக்கை, ஆனால் ஒரு வாய் உள்ளே போயிருந்தது, மென்றுகொண்டிருந்தாள். அவள் கண் தட்டில் இல்லை. நான் கிளம்பிவிடுவேனோ என்று வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.