மாமாவுக்கு அடுத்த சைக்கிள்

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. இப்போது ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஆனால் பத்து வயதில் அது உச்சத்தில் இருந்தது. ஊரில் யார் வீட்டுக் குழந்தையை என் மாமா தூக்கிக் கொஞ்சினாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அம்மா இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அதற்கும் கோபம் வரும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வாரம் பூராவும் வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் அனுப்பிக்கொண்டும், சாயப்பட்டறையில் கலர் மாறிப்போச்சு என்று ஓடிக்கொண்டும் கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் வயசுப் பையன்கள் எல்லாம் புல்லட் வாங்கும்போது இவன் மட்டும் எதற்கு மிதிமிதியென்று மிதிக்கிறான் என்று அப்பா கேட்பார். எனக்கு அது பெருமை. பக்கத்து ரோடுகளில் ஓட்டும்போதெல்லாம் என் சின்ன சைக்கிளில் அவரோடு நானும் போவேன். அவருக்கு அடுத்த சைக்கிள் என்னுடையது. இதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

பொங்கலுக்குப் பனியன் கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடக்கும். அந்த லீவில் மாமாவும் அவருடைய சைக்கிள் குழுவும் ஒரு பயணம் போட்டார்கள். முதல் நாள் மூலனூர்ப் பக்கத்து மேய்ச்சல் காடுகளுக்குள் ஓட்டுவது. சாயங்காலம் சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரத்துக் கரைக்குப் போய், மறுநாள் கடலை ஒட்டியே ஓட்டுவது. என்னையும் கூட்டிப்போவதாக மாமா தானாகவே வந்து அம்மாவிடம் சொன்னார். நான் கேட்கக்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று. கடலைப் பார்த்திராத என் தோழிகள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். ஒரு வாரம் ராணி மாதிரி இருந்தேன்.

கிளம்புகிற காலையில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். குன்னத்தூர்க்காரர். இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர் என்று மாமா சொன்னார். நல்ல உயரம், சிவப்பு ஹெல்மெட், கையில் விரல் இல்லாத உறை. என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தட்டி, "நீதானா அது? உன்னயப் பத்தி நெறயச் சொல்லியிருக்காங்க கண்ணு" என்றார். என்னைப் பற்றி இவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும், எப்போது சொன்னார், என்று எனக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

மூலனூர்ப் பக்கம் மேய்ச்சல் காடுகளுக்கு நடுவில் போகும் பாதையை இட்டேரி என்போம். இரண்டு பக்கமும் கிளுவை முள்வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற மண் தடம். வேலிக்கு உள்ளே கொழுக்கட்டைப்புல், வெள்வேல மரங்கள், நிழலில் படுத்திருக்கும் மாடுகள். அந்த இட்டேரியில் இரண்டு சைக்கிள்கள்தான் பக்கம் பக்கமாகப் போகலாம். மூன்றாவது பின்னால்தான் வர வேண்டும். மூன்றாவது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று மாமாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு நன்றாகத்தான் பிடிக்கிறது என்று திரும்பிப் போனார். தாகம் என்றேன். பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். முழங்கால் வலிக்கிறது என்றேன். அதற்கு அந்த அக்காவே இறங்கி வந்து தேய்த்துவிட்டார், அது இன்னும் மோசம். மாமா அந்த அக்காவின் சீட்டை உயர்த்திக் கொடுத்ததையும், முள் இருக்கிற இடத்தில் எல்லாம் "பாத்து வாங்க, பாத்து வாங்க" என்று சொன்னதையும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே மிதித்தேன். எனக்கு மட்டும் முள் குத்தாதா? என் டயர் என்ன இரும்பிலா செய்தது? வயிறு எரிந்தது. அன்றைக்கு நான் மிதித்த வேகம் முழுக்க அந்த எரிச்சலில் வந்ததுதான்.

குழுவில் மற்றவர்கள் வேகமாக முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் மூவரும் குறுக்கு வழி என்று ஒரு காட்டுக்குள் புகுந்து போனோம். இந்தக் காடுகளுக்கு நுழைவாயில் என்பது முள்ளைக் கட்டிச் செய்த ஒரு படல்தான். திறந்தால் சாத்த வேண்டும். பேச்சு வருவதற்கு முன்பே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வந்துவிடும். படலைச் சாத்தாமல் போகிறவனுக்கு எங்கள் ஊர்களில் பெண்கூடக் கிடைக்காது என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். எனக்கு ஆயிரம் தடவை படல் பாடம் நடத்திய மாமா அன்றைக்கு அந்த அக்காவோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர், வெள்ளை வேட்டி, தலையில் துண்டு.

"படல ஆருங்க தொறந்து உட்டது? மாடு ரோட்டுக்குப் போயி லாரில அடிபட்டா ஆருங்க பதில் சொல்றது?"

மாமாவுக்கு முகமே செத்துப்போயிற்று. சைக்கிளைப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடிப் படலைச் சாத்திவிட்டு, மூச்சு வாங்க வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் ஓடிய வேகத்தைப் பார்த்துக் காட்டுக்காரருக்குக் கோபம் தணிந்துவிட்டது. எந்த ஊர், எங்கே போகிறோம் என்று விசாரித்தார். கடலோரம் சைக்கிள் ஓட்டப் போகிறோம் என்றதும் சிரித்தார். மாமாவையும் அந்த அக்காவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரம்மாகூடப் பேசிட்டே வந்தா படலு எங்கீங்க நாபகத்துல இருக்கும்" என்றார்.

மாமா இல்லை என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அந்த அக்காவாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கை உறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார், ஆனால் சிரிப்பது தெரிந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். என்னையும் இவர்கள் பெற்ற பிள்ளை என்றல்லவா அந்த ஆள் நினைத்திருப்பார்!

"அவங்க ஒண்ணும் எங்க அத்தையில்லீங்க" என்றேன். "சும்மா சைக்கிளோட்ட வந்தவங்க."

காட்டுக்காரர் அப்படியா என்று கேட்டுக்கொண்டார். கல்யாணம் ஆகாத இரண்டு பேரைப் பார்த்தால் எங்கள் பக்கத்து மனிதர்கள் அடுத்து என்ன கேட்பார்களோ அதைக் கேட்டார், என்ன கூட்டம் என்று. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எங்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், எந்த ஊரில் இருந்தாலும், முன்பின் பார்த்தே இராவிட்டாலும், அண்ணன் தங்கைதான். பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்க் கல்யாணப் பேச்சு ஒன்றில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கூட்டம் என்னவென்று கேட்டுவிட்டாலே பாதிக் கல்யாணம் பேசிய மாதிரி. அதனால்தானோ என்னவோ அவர்கள் இரண்டு பேரும் அத்தனை நாள் பழகியும் ஒருவரையொருவர் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

மாமா தன் கூட்டத்தைச் சொன்னார். கை உறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த அந்த அக்கா அதை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அம்முணி, நீங்க?" என்றார் காட்டுக்காரர்.

அந்த அக்கா மாமாவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அதே பெயர்.

"அட, அப்ப அண்ணந் தங்கச்சியுங்களா! நாம்பாருங்க, வாய் தவறிப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க." அவருக்கு உண்மையிலேயே சங்கடமாகிவிட்டது. மொபெட்டில் மாட்டியிருந்த தூக்குப்போசியிலிருந்து மூன்று பேருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. மாமாவுக்குத் தங்கை என்றால் எனக்குச் சித்தி. சித்தி ஒருநாளும் மாமாவைக் கட்டிக்கொண்டு எனக்கு அத்தையாக முடியாது. இது பத்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. நெஞ்சில் இருந்த கல் அப்படியே இறங்கிவிட்டது. இறங்கியதும் அந்த அக்காவை எனக்கு எவ்வளவு பிடித்துவிட்டது என்கிறீர்கள்! அம்மா கட்டிக்கொடுத்த அதிரசத்தில் பெரியதாக ஒன்றை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். வேனில் அவர் மடியிலேயே படுத்துத் தூங்கினேன். மாமா முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் தேவிபட்டினத்திலிருந்து வடக்கே தொண்டியைப் பார்த்துக் கிளம்பினோம். தார் ரோட்டை விட்டு இறங்கினால் கடலை ஒட்டி மண்பாதை. ஒரு பக்கம் உடைமரமும் பனையும், இன்னொரு பக்கம் கரையில் ஏற்றி வைத்த வள்ளங்கள், வலையில் காயும் கருவாடு, அப்புறம் கடல். நான் நினைத்த மாதிரி பெரிய அலை இல்லை. ஆனாலும் கடல் கடல்தான். எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. பாதை இட்டேரியை விடப் பத்து மடங்கு அகலம். மூன்று சைக்கிள் என்ன, முப்பது சைக்கிள்கூட வரிசையாகப் போகலாம். மாமா மட்டும் எல்லோருக்கும் முன்னால், திரும்பியே பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். நேற்றுப் படல் திறந்து விட்டதில் அவருக்கு அவ்வளவு வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போகட்டும், எனக்குத்தான் சித்தி இருக்கிறாரே. "சித்தி, நண்டு பாருங்க. சித்தி, அந்தப் படகு பாருங்க" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். ஒரு வளைவில் மாமா சைக்கிளை நிறுத்தி, கடலைப் பார்த்து நின்றார். நாங்கள் அங்கே போய்ச் சேருவதற்குள் மறுபடி ஏறிப் போய்விட்டார். அந்த அக்கா மிதிப்பதை நிறுத்தி ஒரு காலை மண்ணில் ஊன்றினார். நானும் நின்றேன்.

"கண்ணு, இன்னொருக்காக் கூப்புடு."

"என்னன்னுங்க?"

"சித்தின்னு. அவங்களுக்குக் கேக்கற மாதரக் கூப்புடு. பழகோணுமில்ல."

கேட்டது மாமாவுக்குப் பிடித்த அந்த அக்கா. கூப்பிடச் சொன்னதோ, அவர் இனிமேல் என் மாமாவை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவே முடியாத ஒரு பெயரை. எனக்கு வேறென்ன வேண்டும்? பெடலில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டே, முன்னால் போகிற மாமாவுக்குக் கேட்கும்படி, காற்றுக்கு மேலே, தொண்டை கட்டிப்போகிற வரைக்கும், சித்தி சித்தி என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டே போனேன்.